ஈர மண் ஓரமாக

உவரிக் கடலில் தலை முழுகிவிட்டு, ஈரச் சேலையோடு அத்தை முதல் பெட்டி மண்ணை அள்ளியபோது இன்னும் விடிந்திருக்கவில்லை. பனை ஓலையில் முடைந்த சின்னப் பெட்டி. அலை வந்து திரும்புகிற இடத்தில் குனிந்து, பெட்டியைச் சரித்து நிரப்பி, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கரையேறி வந்து குவியலில் கொட்டினாள். மறுபடியும் கடலுக்குப் போனாள். 11 பெட்டி அவளுடைய நேர்த்திக்கடன். 41 பெட்டி சுமப்பவர்களும் உண்டு. சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு முன்னால் கடற்கரையில் கிடக்கும் அந்தக் குவியலில் யார் மண் எது என்று எவரும் பிரித்துச் சொல்ல முடியாது. கடலில் இருந்து பத்திருபது அடி தள்ளி மண்ணைக் கொட்டுவதில் சாமிக்கு என்ன என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "சுமக்கணும்னு தோணுச்சு, சுமக்கேன்" என்பதுதான் ஆச்சியின் பதில். அதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அது 2018 ஜனவரி கடைசி. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடக்கிற எங்கள் குடும்பக் கூட்டத்தோடு நான் முதன்முறையாகச் சேர்ந்துகொண்டேன். ஒன்பது பேர். முன்னால் சித்தப்பா வேலைப் பிடித்துக்கொண்டு போவார். அத்தைக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது. எல்லோரும் பச்சை உடுத்தி மாலை போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் விடுப்பு கடைசி நேரத்தில் கிடைத்ததால் மாலை போடவில்லை. அதனால் காலில் ஷூ இருந்தது.

தென் மாவட்டங்களில் தைப்பூசத்துக்கு நடக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் தார்ச் சாலையில்தான் போகிறார்கள். சாலை ஓரமாகப் பச்சை வரிசையும் முருகன் படம் வைத்த சிறு வண்டியும் ஒலிபெருக்கிப் பாட்டும் போய்க்கொண்டே இருக்கும். உவரியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். சாலையில் என்றால் கால் தெம்புள்ளவர் ஒரே நாளில் முடித்துவிடலாம். எங்கள் குடும்பம் மட்டும் முடிந்த இடமெல்லாம் கடலோரமாகவே நடக்கும். ஆச்சி அப்படித்தான் நடந்தாள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. நடந்து பார்த்த பிறகு எனக்கென்று ஒரு காரணம் உண்டாகிவிட்டது. இந்தக் கரையில் கோயிலும் மண்ணும் வேறு வேறு இல்லை. மண்ணை விட்டு விலகிச் சாலையில் போனால் கோயிலுக்குப் போய்விடலாம், ஆனால் வழியின் பாதி கைவிட்டுப் போகும்.

சரி, நடந்த கதைக்கு வருகிறேன்.

உவரி அந்தோனியார் கோயிலைக் கடந்து கூடுதாழைப் பக்கம் திரும்பிய முதல் அரை மணியிலேயே எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. உலர்ந்த மணலில் நடப்பது கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உழைப்பு கேட்கும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அளக்காமலே அன்று புரிந்தது. கால் வைத்ததும் மணல் உள்வாங்கும். முன்னால் போக உந்தினால், உந்தின வேகத்தில் பாதியை மண் பின்னால் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளும். நான் இன்னும் அழுத்தி உந்தினேன். அது இன்னும் பின்னால் போனது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது.

அத்தை திரும்பிப் பார்த்தாள். "மருமவனே, மண்ணை உதைக்காத. மிதி" என்றாள்.

இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது, ஆனால் அதைக் கால் கற்றுக்கொள்ள ஒரு நாள் பிடித்தது. சாலையில் நாம் குதிகாலை ஊன்றி, விரல்களால் தரையைத் தள்ளி நடக்கிறோம். மணலில் அந்தக் கடைசித் தள்ளல்தான் வீண். பாதத்தை முழுசாகப் பரப்பி வைத்து, அப்படியே முழுசாகத் தூக்க வேண்டும். எட்டு சின்னதாக இருக்க வேண்டும். கொஞ்சம் முட்டி மடங்கியிருக்க வேண்டும். தலையில் குடம் வைத்த பெண்கள் நடப்பதைப் பார்த்திருப்பீர்களே, இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையாது. அந்த நடைதான். அத்தை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். பார்க்க மெதுவாக இருக்கும். ஆனால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவள் முன்னால் புள்ளியாகத் தெரிவாள்.

உலர்ந்த மணலைத் தவிர்க்க முடியாத இடங்களில் வரிசையாகப் போக வேண்டும், முன்னால் போனவர் கால் வைத்த குழியிலேயே கால் வைத்து. அவர் அமுக்கிவிட்ட மண் நமக்கு அவ்வளவு உள்வாங்காது. முதலில் போகிறவருக்குத்தான் முழுப் பாடும். அதனால் எங்கள் கூட்டத்தில் முன் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். வேலும் கைமாறும்.

கூடுதாழை தாண்டியதும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். கழுத்தில் ஜெபமாலை. எத்தனை பேர், எங்கே இருந்து என்று விசாரித்துவிட்டு என் காலைப் பார்த்தார். "தம்பி, ஏன் மேட்டுல நடக்க? தண்ணி ஓரமா நட. ரொம்ப ஓரமா போவாத, அங்கயும் புதையும். தண்ணி வந்து இப்பத்தான் திரும்புன இடம் இருக்கும் பாரு. மிதிச்சா காலைச் சுத்தி மண் வெளுக்கும். அந்த மண்ணு கெட்டி" என்றார்.

போய் மிதித்துப் பார்த்தேன். கருத்த ஈர மண், கால் பட்டதும் பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெளிறியது. காலை எடுத்ததும் மறுபடி கருத்தது. அதன் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நெருக்கமாகப் படிந்த மணலை மிதிக்கும்போது துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைவெளி கூடுகிறது. மேலே நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுவதால் மேற்பரப்பு காய்ந்ததுபோல வெளுக்கிறது. உள்ளே இறங்கிய நீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதால் மண் கெட்டிப்படுகிறது. நீரே இல்லாத மேட்டு மணலில் பிடிமானம் இல்லை. நீர் நிறைந்து ததும்பும் அலை ஓரத்தில் நீரே துகள்களைப் பிரித்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு அடி அகலத்தில் ஒரு பட்டை இருக்கிறது. கடலோர நடை என்பது நாள் முழுக்க அந்தப் பட்டையைத் தேடிக்கொண்டே போவதுதான்.

பட்டை ஒரே இடத்தில் நிற்காது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஏற்றமும் வற்றமும் அப்போது கூடுதலாக இருக்கும். மன்னார் வளைகுடாவில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. ஆனால் கரை தாழ்வாகச் சரிந்திருக்கும் இடங்களில் அந்தக் கொஞ்ச வற்றமே அகலமான, கிட்டத்தட்ட மட்டமான ஈரத் தரையைத் திறந்துவிடும். சித்தப்பா எந்தப் பட்டியலையும் பார்க்க மாட்டார். முந்தின நாள் கரையில் நின்று தண்ணீர் எப்போது உள்ளே போகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். மறுநாள் அதே நிலைக்கு முக்கால் மணி நேரம்போலத் தள்ளிப் போகும் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தை வீணாக்காமல் நடப்போம். தண்ணீர் ஏறிவிட்டால் உட்கார்ந்து கருப்பட்டியைக் கடித்து, சுக்குத் தண்ணீர் குடித்துக் காத்திருப்போம்.

இன்னொரு தொந்தரவை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. உவரியிலிருந்து திருச்செந்தூர் போகும்போது கடல் வலப்பக்கம். அதனால் முழு வழியும் வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். நாலைந்து கிலோமீட்டருக்கு ஒன்றும் தெரியாது. மத்தியானத்துக்குள் இடுப்பு ஒரு பக்கமாக இழுத்து, முட்டி குத்தத் தொடங்கிவிடும். திரும்பி நடந்தால் சரியாகும், ஆனால் யாத்திரையில் யார் திரும்பி நடப்பார்கள்? அவ்வப்போது மேட்டுக்கு ஏறி அடும்பு படர்ந்த இடத்தில் நடந்து இடுப்பைச் சமன்செய்துகொள்வதுதான் வழி. அடும்பின் வேர் மணலைப் பிடித்து வைத்திருப்பதால் அங்கே கால் அவ்வளவு புதையாது. வெறுங்காலோடு இருப்பவர்கள் ராவணன் மீசைப் புதரைப் பார்த்து ஒதுங்க வேண்டும். அதன் ஊசி முனை குத்தினால் அன்று முழுக்க நினைவிருக்கும்.

பெரியதாழைக்கு முன்பே என் ஷூவுக்குள் மணல் புகுந்துவிட்டது. தட்டிவிட்டுப் போட்டேன். மறுபடி புகுந்தது. அலை ஒன்று கணுக்கால்வரை ஏறியதும் சாக்ஸும் நனைந்தது. ஈரச் சாக்ஸ், உள்ளே மணல், அதற்குள் வியர்த்த பாதம். உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். குதிகாலில் ஒன்று, பெருவிரல் அடியில் ஒன்று என்று கொப்புளம் எழும்பியது. மாலை போட்டவர்கள் வெறுங்காலில் ஒரு கீறல் இல்லாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அத்தை என் காலை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி, துடைத்து, விரல் இடுக்கெல்லாம் காயவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவினாள். கொப்புளத்தை உடைக்க விடவில்லை. சுத்தமான துணியை மெத்தையாக மடித்து மேலே கட்டிவிட்டாள். உப்பு நீர் காலுக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. நடக்கும்போது அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் உப்பு காய்ந்து தோலில் தங்கிவிட்டால் வெடிப்பு விடும், வெடிப்பில் மணல் ஏறும். இரவில் நல்ல தண்ணீரில் கழுவாமல் படுப்பதுதான் இந்த நடையில் செய்யக்கூடாத ஒரே காரியம் என்பேன். மறுநாளிலிருந்து வெறுங்காலில் நடந்தேன். நான் கற்றதை வைத்துச் சொல்கிறேன், ஈர மணலில் நடக்க வெறுங்காலுக்கு இணை இல்லை. ஆனால் பழகாத பாதத்தோடு ஒரேயடியாக இறங்கக் கூடாது. ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டு முற்றத்திலும் வயல் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்து பாதத்தைத் தயார்ப்படுத்த வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இந்தச் சோதனைக்கே போகக் கூடாது. பாதத்தில் காயம் பட்டதே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் வாரோடு கூடிய திறந்த செருப்பு போட்டுக்கொண்டுதான் வருகிறார். முருகன் அதற்கெல்லாம் கோபிக்க மாட்டான்.

ஊருக்கு ஊர் தூண்டில் வளைவுகள் வந்துவிட்டன. கடலுக்குள் நீட்டிய அந்தக் கல் அணைகளின் ஒரு பக்கம் மணல் சேர்ந்து கரை அகலமாகிறது, மறுபக்கம் கடல் கரையைத் தின்கிறது. நல்ல அகலமான கரையில் போய்க்கொண்டே இருப்போம், கல்லைத் தாண்டி இறங்கினால் நடக்கவே கரை இருக்காது. வீட்டுச் சுவரில் அலை அடித்துக்கொண்டிருக்கும். அங்கே குடியிருப்பவர்களின் பாட்டைப் பார்த்தால் நம் கால்வலியைப் பேச வாய் வராது.

மணலின் நிறமும் வழி நெடுக மாறுகிறது. சில இடங்களில் அலை ஒதுக்கிய கருமணல் கோடு கோடாகக் கிடக்கும், அதன்மேல் கார்னெட் என்ற தாதுவின் இளஞ்சிவப்பு படிந்திருக்கும். இந்தத் தாது மணலை அள்ளிய கதை பெரிய கதை. 2013இல் தமிழக அரசு தடை விதித்தது. நடக்கிறவருக்கு வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று: கருத்த மணல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். தை மாத வெயில்தானே என்று பதினொரு மணிக்குமேல் உலர்ந்த கருமணலில் வெறுங்காலை வைத்தால் துள்ள வேண்டியிருக்கும்.

சூடு என்றால் ஆச்சிதான் நினைவுக்கு வருகிறாள். அவள் பிறந்தது சாத்தான்குளம் பக்கம், தேரியை ஒட்டிய ஊர். தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கடற்கரை மணலைப் போலவே குன்று குன்றாக மணல், ஆனால் ரத்தச் சிவப்பு. மணல் துகள்களின்மேல் இரும்புத் துரு படிந்த நிறம் அது. ஆனி ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்று அந்த மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். காலையில் போன தடம் மாலையில் இருக்காது. ஆச்சியின் ஊர்க்காரர்கள் திருச்செந்தூருக்கு அந்தத் தேரி வழியாகத்தான் நடந்திருக்கிறார்கள். இரவில்தான் கிளம்புவார்களாம். பகலில் போக நேர்ந்தால் கையில் ஒரு கட்டு பச்சைக் குழை இருக்கும். பாதம் தாங்காதபோது குழையைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நிற்பது, சூடு தணிந்ததும் குழையை எடுத்துக்கொண்டு ஓடுவது, மறுபடி போட்டு நிற்பது. சின்னப் பெண்ணாக அப்படிப் போன கதையைச் சொல்லும்போது ஆச்சி உட்கார்ந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டுவாள்.

அந்தத் தேரி மண்ணைத்தான் மக்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டும் போகிறார்கள். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைத் திருவிழாவின் முடிவில் கள்ளர் வெட்டு நடக்கும். தேரியில் கள்ளனாகப் பாவித்து ஓர் இளநீரை வெட்டுவார்கள். இளநீர் சிந்தி நனைந்த சிவப்பு மண்ணுக்கு ஆயிரக்கணக்கான கைகள் நீளும். வீட்டில் வைப்பார்கள், வயலில் தூவுவார்கள். உவரியில் சுமக்கிற மண், தேரியில் அள்ளுகிற மண். இவற்றுக்கு நடுவே பிறந்த ஆச்சிக்கு மணலில் நடப்பது கஷ்டமாகப் பட்டிருக்குமா என்றே எனக்குச் சந்தேகம்.

இரண்டாம் நாள் மணப்பாடு. தூரத்தில் இருந்தே மணல் குன்றின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த பிறகும் மணிக்கணக்கில் நடக்க வேண்டும், கிட்டவே வராது. கருமேனியாறு கடலில் சேரும் கழியில் அந்த வருடம் தண்ணீர் நின்றதால் சாலைக்கு ஏறிச் சுற்றித்தான் ஊருக்குள் வந்தோம். 1581இல் கட்டிய ஆலயம் அது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அதே குன்றின் கடல்பக்கச் சரிவில் இருக்கிறது. குகைக்குள் ஒரு கிணறு. கடல் கூப்பிடு தூரம்கூட இல்லை, ஆனால் தண்ணீர் கரிக்காது.

அத்தை அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நம்ம நாழிக்கிணறு மாதிரில்லா இருக்கு" என்றாள். திருச்செந்தூரில் கடலில் குளித்தவர்கள் அப்புறம் போய்க் குளிக்கிற நாழிக்கிணறும் அப்படித்தான், அலைக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர். மணல் செய்கிற வேலை இது. மழை மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. உப்பு நீரைவிட நல்ல நீர் எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்தபடி நிற்கிறது. நம் காலை உள்வாங்குகிற அதே மணல்தான் மழையையும் உள்வாங்கி வைத்துக்கொண்டு நடந்து வருகிறவருக்குக் கொடுக்கிறது. குன்றின் அடியில் ஒரு வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்து, ஒரு அம்மா சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்பது பேருக்கும். விரதக்காரர்கள் என்பதால் புதுப் பானையில் வைத்திருந்ததாகச் சொன்னார்கள். சித்தப்பா திருநீறு கொடுத்தார். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கி, மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்கள்.

அன்று இரவு அங்கேயே தங்கினோம். மூன்றாம் நாள் குலசேகரன்பட்டினம், கல்லாமொழி, ஆலந்தலை என்று வாடைக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே நடந்தோம். காற்று மணலை எடுத்து முழங்காலுக்குக் கீழே ஊசி ஊசியாக அடித்தது. வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டோம். அதிகம் பேசவில்லை. கால் அப்போது தானாகவே மிதிக்கக் கற்றிருந்தது.

இந்தக் கரை அப்போது இருந்த மாதிரி இப்போது இல்லை. குலசேகரன்பட்டினம் வட்டாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். கல்லாமொழியில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கக் கடலுக்குள் நீளமான பாலம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதிகள் வரும்போது நாங்கள் சாலைக்கு ஏறிவிடுகிறோம். வேலை வரும், ஊர் வளரும் என்று சொல்கிறார்கள், வரட்டும். ஆனாலும் ஆச்சி கால் வைத்த கரையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலை நீண்டுகொண்டு போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆலந்தலை தாண்டியதும் ராஜகோபுரம் தெரிந்தது. சித்தப்பா நின்று வேலை மணலில் ஊன்றி, கையெடுத்துக் கும்பிட்டார். அரோகரா என்று சத்தம் போட்டோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கால்வலியால் இல்லை.

அன்று, 31ஆம் தேதி, பூசத்தன்றே முழுச் சந்திர கிரகணம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். மண்டபத்திலும் கரையிலும் பச்சை உடையில் ஆயிரம் ஆயிரமாகச் சனம் காத்திருந்தது. நாங்கள் கடலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தோம். நிலவு எழும் நேரம் வந்தும் கடல் மேல் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு கூடக் கூட, ஏழு மணி வாக்கில் கீழ்வானத்தில் செம்பு நிறத்தில் மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தது. எங்கள் ஊர்த் தேரி மண்ணின் நிறம்.

அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டி, தன் பாதங்களை உள்ளே வைத்து மூடிக்கொண்டாள்.

"மருமவனே, நீயும் காலைப் புதைச்சு வையி. மேலதான் காய்ஞ்சு கெடக்கு. ஒரு சாணுக்குக் கீழ குளுந்து இருக்கு."

நான் தோண்டத் தொடங்கினேன்.